கதைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்து ஊரொன்றிலிருந்து ஒரு அம்மம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைக்கு இரண்டரை வயது. தாய் வெளிநாட்டில் வேலை. "இவன் கதைக்கிறான் இல்லைப் பிள்ளை. ஆனா இங்கிலீஷ் எல்லாம் சொல்லுவான்" என்றார். உண்மைதான். போனைக் காட்டியதும் ரெட், புளூ, யெல்லோ என்று வரிசையாகச் சொன்னான். பத்து வரைக்கும் எண்ணினான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தண்ணீர் விடாய்த்தது. கேட்கத் தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தல் இருந்த பையைப் பார்த்துப் பார்த்து அழுதான்.

நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். வன்னியில் இப்படிப் பல பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். நிறங்களின் பெயர் தெரியும், 'தா' என்று கேட்கத் தெரியாது. வாயில் சொல் இருக்கிறது, அந்தச் சொல்லைக் கொண்டு இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்பது தெரியாது. தெரிய வழியும் இல்லை. போன் அவன் சொல்வதைக் கேட்டதுமில்லை, அவன் பதிலுக்காகப் பொறுத்ததுமில்லை.

மொழி 'அம்மா' என்ற முதற்சொல்லோடு தொடங்குகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்னரே தொடங்கிவிடுகிறது. வயிற்றில் ஆறாம் மாதமளவில் குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கும். பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலை வேறு பெண்களின் குரலிலிருந்து பிரித்தறியும். இரண்டு மூன்று மாதத்தில் முகத்தைப் பார்த்து 'ஊ', 'ங்கா' என்று சத்தமிடும். அது வெறும் சத்தமில்லை. நீங்கள் ஏதாவது சொல்லி நிறுத்திப் பாருங்கள். கண்ணை விரித்து, கால்களை உதைத்து, தன் முறைக்கு ஒரு ஒலியை எழுப்பும். இதுதான் முதல் உரையாடல். சொல் மட்டும்தான் இன்னும் வரவில்லை.

ஆறு ஏழு மாதத்தில் 'பபப', 'மமம' என்று அடுக்கத் தொடங்கும். இந்த நேரத்தில் காது என்ன செய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான். ஜேனட் வேர்க்கர் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தியில் உள்ள, நம் 'த', 'ட' போன்ற இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. நம் பிள்ளைகள் 'பாதம்' வேறு, 'பாடம்' வேறு என்று பிரிப்பது, வீட்டில் அந்த ஒலிகளை நாளும் பொழுதும் கேட்பதால்தான்.

அப்படியானால் போனில் கேட்டாலும் சரிதானே என்று கேட்பார்கள். 2003இல் பற்றீசியா கூல் என்பவர் அமெரிக்காவில் அதையே சோதித்துப் பார்த்தார். 9 மாதக் குழந்தைகளில் சிலரோடு சீன மொழி பேசும் ஒருவர் இருந்து விளையாடிக் கதைத்தார். வேறு சிலருக்கு அதே ஆட்களைத் திரையில் காட்டினார்கள். மொத்தம் 12 அமர்வுகள். ஆளோடு இருந்த குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையைப் பார்த்தவை எதையும் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டலும் 2 வயதுக்கு முன் திரை வேண்டாம் என்கிறது. 2 வயதானபின் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

"விளங்காத பிள்ளையோட என்னத்தைக் கதைக்கிறது அக்கா?" என்று ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டார். குழந்தைக்கு ஐந்து மாதம். நாள் முழுக்க வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு கதை குறைந்துபோன வீடுகள் இங்கே இருக்கின்றன. இழந்தவர்களை நினைத்துக்கொண்டு வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள், வாய் திறக்காது. பிள்ளை பெற்ற பின் வரும் மனச்சோர்வும் தாயின் வாயை மூடிவிடும். அது சோம்பலில்லை, மருந்தும் ஆறுதலும் உள்ள நோய். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது தயங்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளையோடு என்ன கதைப்பது? பிள்ளை பார்ப்பதைக் கதையுங்கள். முற்றத்தில் மயில் இறங்கினால் பிள்ளையின் கண் அங்கே போகும். "மயில் வந்திட்டுது. ஓடுது பார், ஓடுது" என்று சொல்லலாம். கிணற்றடியில் குளிக்கவார்க்கும்போது "தண்ணி குளிருதா? இப்ப கால் கழுவுவம்." வீதியில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போனால் அந்தச் சத்தத்தையே செய்து காட்டலாம். புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. குரலை இழுத்து, கொஞ்சிக் கதைப்பதும் நல்லதே. அப்படிப்பட்ட குரலைக் குழந்தைகள் கூர்ந்து கேட்கும்.

ஆனால் கதைப்பதைவிட எல்லாரும் தவறவிடுவது பொறுத்திருப்பதைத்தான். ஒன்றைச் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அது நீண்ட நேரமாகத் தெரியும். பிள்ளைக்கு அந்த நேரம் வேண்டும். ஒரு பார்வை, கைநீட்டல், 'ஆ' என்ற சத்தம், எது வந்தாலும் அது பதில். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, எல்லோருக்கும் பங்கு கொடுத்துவிட்டு, விரல்கள் கையில் ஏறிப்போய்க் கக்கத்துக்குக் கிட்ட ஒரு கணம் நிற்குமே, அந்த நிறுத்தத்தைப் பாருங்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். நம் ஆச்சிமார் இதை எங்கும் படித்துச் செய்யவில்லை.

பிள்ளை "மாடு" என்றால் "ஓம், மாடு. பெரிய மாடு போகுது" என்று கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள். "இது என்ன? இது என்ன?" என்று சோதனை வைக்காதீர்கள், வாய் மூடிவிடும். 'ர', 'ழ' போன்ற ஒலிகள் பிந்தித்தான் வரும், அதற்காகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். நீங்கள் சரியாகச் சொன்னால் போதும். வீட்டில் தமிழும் சிங்களமும் புழங்குவதால் பேச்சு பிந்தாது.

அந்த அம்மம்மாவுக்கு நான் சொன்னது இரண்டே விடயம். சாப்பாட்டு நேரத்தில் போனில் கார்ட்டூன் வேண்டாம். ஆட்டுக்குக் குழை போடப் போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு போய், குழையைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் கேட்கும்வரை பொறுங்கள். முதற் கிழமை சரியான அழுகையாம். காதையும் சோதித்துப் பார்த்தோம், குறையில்லை. தாயோடு கதைக்கும் வீடியோ அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை. மறுபக்கத்தில் இருப்பவர் பார்த்து, கேட்டு, பதில் சொல்வதால் அது கார்ட்டூன் மாதிரியில்லை. அவன் சாப்பிடும் நேரத்தில் தாய் எடுத்தார். "என்ன, புட்டா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தார். மூன்று மாதம் கழித்து வந்தபோது "அம்மம்மா, தண்ணி தா" என்றான். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு விரைவாக வராது.

சில பிள்ளைகளுக்கு வீட்டுக் கதை மட்டும் போதாது. "தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்" என்று காத்திருந்து மூன்று, நான்கு வயதில் கொண்டுவருகிறார்கள். கதவை அடித்தால் திரும்புகிறான், ஆகவே காது நல்லம் என்கிறார்கள். பெரிய சத்தம் கேட்கும் பிள்ளைக்குச் சொல் தெளிவாகக் கேட்காமலிருக்கலாம். காதால் சீழ் வந்தால் எண்ணெய் விடாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். பேச்சு வர நாக்கில் தேன் தடவுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் உயிருக்கே ஆபத்தான நோயைத் தரக்கூடும்.

சத்தத்துக்கு எந்த வயதிலும் திரும்பாவிட்டால் உடனே காட்டுங்கள். 12 மாதமாகியும் 'பபப' என்ற அடுக்கல் இல்லை, விரல் காட்டுவதோ கையசைப்பதோ இல்லை என்றால் காட்டுங்கள். 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் 'பால் தா' மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றாலும் அப்படித்தான். வந்த சொல் திரும்ப மறைந்துபோனால் ஒரு நாளும் பிந்த வேண்டாம்.

கிளினிக்கில் தரும் பிள்ளையின் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறைக் கோட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். வளர்ச்சிப் படிகளுக்கும் அதில் இடம் இருக்கிறது. அதைத் திறந்து குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார். உள்ளூர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது தெரியும். ஆகவே ஒரு தரம் வரும்போதே பதிவேட்டைக் கொண்டு வாருங்கள். பிள்ளையோடு பகல் முழுக்க இருப்பவர் யாரோ, அம்மம்மாவோ, அப்பம்மாவோ, மூத்த அக்காவோ, அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் கூடுதலாகக் கதைக்க வேண்டியது அவரோடுதான்.