ரத்தத்தில் கொரோனா தென்பட்டால் என்ன அர்த்தம்?

2021 ஆகஸ்டில் கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர, 72 மணி நேரத்துக்குள் எடுத்த, தொற்று இல்லை என்ற ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவோ இரண்டு தவணை தடுப்பூசிச் சான்றிதழோ காட்ட வேண்டியிருந்தது. வாளையார், புளியரை செக்போஸ்ட்டுகளில் காத்து நின்றவர்களுக்கு அந்தச் சோதனையின் பெயர் மனப்பாடம். மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் அது, தொற்று இருக்கிறதா என்று நன்றாகவே சொல்லும். இவருக்கு ஐ.சி.யூ. தேவைப்படுமா என்று கேட்டால் திணறும். மூக்கில் வைரஸ் மண்டிக் கிடந்தும் ஜலதோஷத்தோடு தப்பியவர்கள் ஏராளம்.

அதே சோதனையை ரத்தத்தில் செய்தால் வேறு விஷயம் தெரிகிறது. கொரோனா முதலில் தாக்குவது மூச்சுப்பாதையை. லேசாக வந்து போனவர்களின் ரத்தத்தில் அதன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. பெரும்பாலும் கிடைப்பதில்லை. மருத்துவமனையில் சேரும்போதே கிடைத்தவர்களிடம் ஐ.சி.யூ. தேவையும் இறப்பும் அதிகம் என்று பல ஆய்வுகள் கண்டன. நுரையீரலின் காற்றுப்பைக்கும் ரத்த நுண்குழாய்க்கும் நடுவே இருப்பது ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லாத சுவர். அது சிதைந்தால் வைரஸின் துண்டுகள் ரத்தத்தில் கசியும். முழு வைரஸே ரத்தத்தில் ஓடுகிறது என்று பயப்பட வேண்டாம். அந்த ரத்தத்திலிருந்து வைரஸை வளர்த்தெடுக்க முயன்றால் பெரும்பாலும் வளராது.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, அதிலுள்ள ஆர்.என்.ஏ.வை ஒரு நொதியால் டி.என்.ஏ.வாக மாற்றுகிறார்கள். பிறகு சூடாக்கி ஆற வைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அது இரட்டிக்கும். டி.என்.ஏ. பெருகப் பெருக ஒளிரும் பொருளையும் கலந்திருப்பார்கள். எந்தச் சுற்றில் அந்த ஒளி தென்படுகிறதோ அதுதான் சி.டி. மதிப்பு. 35-இல் தெரிந்தவரைவிட 25-இல் தெரிந்தவரிடம் வைரஸ் சரக்கு ஏறக்குறைய 1,000 மடங்கு அதிகம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் நொதிதான் இத்தனை சூட்டையும் தாங்கி உழைக்கிறது!

ரத்தத்தில் சிக்கல், அளவு மிகக் குறைவு என்பதுதான். சி.டி. 38, 39 என்று வந்தால் நம்புவதா வேண்டாமா என்று ஆய்வகமே தயங்கும். டிஜிட்டல் பி.சி.ஆர். இதற்கு அழகான வழி. மாதிரியைச் சுமார் 20,000 நுண்துளிகளாக உடைத்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வினையை நடத்தி, ஒளிரும் துளிகளை எண்ணிவிடுகிறது. மதிப்பீடு எண்ணிக்கையாக மாறிவிட்டது. ஆனால் விலை அதிகம், சாதாரண ஆஸ்பத்திரியில் கிடைக்காது. ஆக்சிஜன் அளவும், உடலின் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும் இருக்கும்போது அவசர வார்டுக்கு இது கட்டாயமும் இல்லை.

ரத்தத்தில் வைரஸ் தென்பட்டால் ஆபத்து என்ற இந்தக் கணக்கை எல்லாக் காய்ச்சலுக்கும் போட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரு பக்கமும் மழைக்குப் பின்னால் வரும் டெங்குவில், முதல் நாளிலிருந்தே வைரஸ் ரத்தத்தில்தான் இருக்கும். காய்ச்சல் இறங்கும்போது வைரஸும் குறைந்துவிடும், ஆபத்தோ அப்போதுதான் தொடங்கும்: ரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியும். அதனால்தான் காய்ச்சல் விட்டுவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பவரை டாக்டர் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொல்லி, தினமும் பிளேட்லெட்டும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமட்டோகிரிட்டும் பார்க்கிறார்.