வீட்டுக்குள் வளரும் கோழிக்குஞ்சு: முதலில் சூடு, பிறகுதான் தண்ணீர்

சந்தையில் வாங்கி வந்த குஞ்சு இரண்டு நாள் வீடெல்லாம் கீச்சிட்டுத் திரியும். மூன்றாம் நாள் காலையில் பெட்டியின் மூலையில் கழுத்தை நீட்டிப் படுத்திருக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றுதான் தூக்கிக்கொண்டு வருபவர்கள் சொல்வார்கள். நேற்றும் அது நன்றாக இருந்திருக்காது. பொரிந்த குஞ்சின் வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். தீனி, தண்ணீர் இல்லாமலே இரண்டு மூன்று நாள் அதை வைத்துத் தாங்கிவிடும். அந்த இருப்பு தீர்ந்த பிறகுதான் குளிரில் நின்றதும் தண்ணீர் குடிக்காததும் வெளியே தெரியவரும். திருவிழாக் கடைகளில் விற்கும் கலர் குஞ்சுகளுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சாயத்தில் நனைந்து, நெருக்கடியான பெட்டியில் பயணப்பட்டு, பாதி தளர்ந்த நிலையில்தான் அவை கைக்கு வருகின்றன.

துவண்ட குஞ்சைக் கண்டதும் அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றத்தான் கை போகும். தயவுசெய்து ஊற்றாதீர்கள். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் பின்னால், அது தொடங்கும் இடத்தில் சின்னப் பிளவு ஒன்று திறந்து திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். துவண்ட குஞ்சால் அதைச் சரியாக மூட முடியாது; ஊற்றிய தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். உடம்பு குளிர்ந்திருந்தால் குடலும் ஓடாது, ஊட்டிய தீனி இரைப்பையிலேயே தேங்கிப் புளிக்கும்.

குஞ்சின் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதல் மருந்து சூடுதான். ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, இரண்டு மடிப்புத் துண்டு சுற்றி, சிறிய அட்டைப்பெட்டியில் ஒரு பக்கமாக வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். தெளிந்ததும் சூடு அதிகமானால் குஞ்சு விலகிப் போக இடம் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றுங்கள். குஞ்சு தானாகத் தலை தூக்கிய பிறகு, 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்து, விரல் நுனியில் தொட்டு, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது விழுங்கியதும் அடுத்த சொட்டு. அரைநாள் இப்படிக் கொடுத்தால் போதும், அப்புறம் வெறும் தண்ணீர். நின்று நடக்கத் தொடங்கிய பிறகே தீனி.

சூட்டில் இப்போது அடிக்கடி நடக்கும் தவறு எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் பளீரென்று இருக்கும், சூடு இருக்காது. பழைய 60 வாட் குண்டு பல்புதான் வேண்டும். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாயைப் பிளந்து, இறக்கையைத் தளர்த்தி நின்றால் சூடு மிஞ்சிவிட்டது. பல்பை வெறும் ஒயரில் தொங்கவிடாமல் கம்பியால் தனியாகக் கட்டுங்கள். உமியில் பல்பு விழுந்தால் குஞ்சோடு போகாது, வீடே பற்றிக்கொள்ளும்.

நம் செட்டிநாட்டு வீடுகளுக்கென்று ஓர் ஆபத்து உண்டு: தரை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் ஊற்றி வார்ப்பதால் அதன் மேற்பரப்பு கண்ணாடி போலவே வழுவழுப்பாக வரும். நமக்கு அழகு. பிறந்து இரண்டு நாளான குஞ்சுக்கோ கால் ஊன்றப் பிடிமானம் இல்லை; இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, வயிறு தரையில் பட்டு, நீச்சலடிப்பது போலத் தவிக்கும். செய்தித்தாள் விரித்தாலும் இதே கதைதான். ரப்பர் மேட்டோ, நூல் பிரியாத சொரசொரப்பான துணியோ விரியுங்கள். நூல் பிரிந்த துண்டு வேண்டாம். விரலில் சுற்றிய ஒரே நூல் இரண்டு நாளில் விரலைக் கறுக்க வைத்துவிடும்.

கால் விரிந்துவிட்டால் அன்றைக்கே கட்ட வேண்டும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை நீளவாக்கில் பாதியாக நறுக்குங்கள். பஞ்சுப் பகுதி நடுவில் வர, பாதத்துக்குச் சற்று மேலே இரு கால்களையும் சுற்றி, நடுவில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். குஞ்சு இயல்பாக நிற்கும் அகலம் அதுதான். பாதம் வீங்கினாலோ நிறம் மாறினாலோ கட்டு இறுக்கம். மூன்று நான்கு நாளில் அவிழ்த்துப் பாருங்கள். முதல் சில நாட்களுக்குள் கட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் கடினம்.

முற்றம் வெயில் காய நல்ல இடம், பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும். காக்கை, பருந்து, ஓட்டு வழியாக இறங்கும் பூனை மூன்றுக்கும் அதுதான் வாசல். மழைத்தண்ணீர் நிற்கும் அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள், தூம்பு வாயில் வலை கட்டுங்கள். குடிநீர்த் தட்டில் கூழாங்கல் பரப்புங்கள். ஒரு விரல் ஆழமே குஞ்சு மூழ்கப் போதும். ஊஞ்சல் ஆடும் கூடத்தில் குஞ்சை விடவே வேண்டாம்.

பூனை வாயில் கவ்விய குஞ்சுக்கு ரத்தமே வராமல் இருக்கலாம். இறகை விலக்கிப் பார்த்தால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். பூனையின் பல்லில் இருக்கும் கிருமி ஓரிரு நாளில் ரத்தத்தில் பரவிவிடும். அன்றே மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

புகையும் அப்படித்தான். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் சேர்ந்திருப்பதால் நம்மைவிட வேகமாக நஞ்சை இழுத்துக்கொள்ளும். கொசுவர்த்தி, சாம்பிராணி, பாச்சை உருண்டை இருக்கும் அறையில் குஞ்சுப் பெட்டி வேண்டாம். நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வெறுமனே காயவிட்டு மறந்தால், நமக்கு வாடை தெரியும் முன்பே குஞ்சு மூச்சுத் திணறிச் செத்துவிடும். இரும்புத் தோசைக்கல்லுக்கு அந்தப் பயம் இல்லை.

பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் ஒற்றி, ஊறவைத்துத் துடைத்து, ஈரம் உலர்த்தித் துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். எச்சத் துவாரத்துக்குக் கீழே, வயிற்றுப் பக்கம் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும். அது தொப்புள். அழுக்கு என்று நினைத்து அதை இழுத்தால் குடல் வெளியே வரலாம்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டாம், டைக்ளோஃபெனாக்கை நிச்சயமாகவே கூடாது. அது பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த மருந்து கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் அழிந்ததைப் பார்த்துத்தான் 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள். எலி மருந்து தின்றதாகச் சந்தேகம் வந்தால் உப்பு, மோர் என்று எதையும் ஊட்டாமல், மருந்துப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். மூடியில் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் துணி, ஓரத்தில் வெந்நீர்ப் பாட்டில். கடைசியாகப் போட்ட எச்சத்தையும் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள். அதில் ரத்தம் கலந்திருக்கிறதா என்பதைத்தான் மருத்துவர் முதலில் பார்ப்பார்.