நமக்குச் செரிக்காததுதான் அவற்றுக்குச் சோறு

1899-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி திசியே என்ற மருத்துவர், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கவட்டைக் குச்சி போல முனை பிளந்த பாக்டீரியாக்கள் நிறைய இருந்தன. இன்று பிஃபிடோபாக்டீரியா என்கிறோமே, அவைதான். அவை ஏன் அங்கே அவ்வளவு செழித்தன என்பதற்கான விடை தாய்ப்பாலிலேயே இருக்கிறது. அதில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருப்பது ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள், ஆனால் அவற்றை உடைக்கும் நொதி குழந்தையிடம் கிடையாது. அம்மாவின் உடம்பு பாடுபட்டுச் செய்யும் அந்தச் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடல் வரை போய், அங்கே காத்திருக்கும் பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது.

பெரியவர்களான பிறகும் கணக்கு இதேதான். சுடச்சுட வடித்த சோற்றின் மாவுச்சத்து பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கீழே இருப்பவற்றுக்கு மிச்சம் வராது. அதே சோறு ஆறிக் குளிர்ந்தால் மாவுச்சத்தின் இழைகள் மறுபடி நெருக்கமாக அடுக்கிக்கொள்வதால் ஒரு பகுதி நம் நொதிக்குப் பிடிகொடுக்காது (பெரிய அளவில் இல்லை, கொஞ்சம்தான் கூடும்). சின்ன வெங்காயம், பூண்டு, கீரை, வாழைத்தண்டு எல்லாவற்றிலும் அப்படிச் செரிக்காத பங்கு ஒன்று உண்டு. கொண்டைக்கடலைச் சுண்டல் தின்றால் வாயு பிடிக்கிறது என்று ஒதுக்குகிறோமே, அந்த வாயு பாக்டீரியா சாப்பிட்டதற்கான அடையாளம்தான். அளவைக் குறைத்து ஆரம்பித்து மெல்லக் கூட்டினால் பலருக்குப் பழகிவிடும்.

சரி, சாப்பாடு போட்டால் மட்டும் போதுமா? வீடும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பெருங்குடலின் நல்ல பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு ஆக்சிஜன் விஷம் மாதிரி. அந்த இடத்தை ஆக்சிஜன் இல்லாமல் வைத்திருப்பது குடல் சுவரின் செல்கள்: நார்ச்சத்தைத் தின்று பாக்டீரியா வெளிவிடும் பியூட்டிரேட் என்ற அமிலத்திலிருந்துதான் அவற்றுக்கு ஏறத்தாழ 70 சதவீத ஆற்றல் கிடைக்கிறது, அதை எரிக்கும்போது ரத்தத்திலிருந்து வரும் ஆக்சிஜனைச் செலவழித்துவிடுகின்றன, அதனால் குடலுக்குள் கசிவது மிகக் குறைவு. நார்ச்சத்து குறைந்தாலோ ஆன்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாவை அழித்தாலோ பியூட்டிரேட் குறைகிறது, ஆக்சிஜன் உள்ளே கசிகிறது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆன்டிபயாடிக் சாப்பிடும் வாரத்தில் நம் வீடுகளில் ரொட்டியும் பாலும் ரசம் சாதமுமாகத்தானே போகிறது? அதனால் மிச்சம் இருப்பவையும் பட்டினி கிடக்கின்றன, இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. வயிறு ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதும் பருப்பும் வெந்த காயும் சேர்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம், புளிப்பு. பாக்டீரியா நாரை நொதிக்கவைப்பதால் பெருங்குடலின் தொடக்கத்தில் பி.ஹெச். (புளிப்பை அளக்கும் எண், 7-க்குக் கீழே போனால் அமிலம்) 6-ஐ ஒட்டி, லேசான அமிலமாக இருக்கும், நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு அது ஒத்துவராது. மலச்சிக்கலில் எல்லாம் மெதுவாக நகரும்போது மாவுச்சத்தும் நாரும் வழியிலேயே தீர்ந்துபோய், பாக்டீரியா புரதத்தின் பக்கம் திரும்பி அம்மோனியாவையும் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவையும் உண்டாக்குகின்றன. நாரே இல்லாத தீனி கொடுத்த எலிகளில் குடலின் சளிப்படலத்தையே பாக்டீரியா தின்று மெலியச் செய்ததை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

தயிர் நல்லதுதான், ஆனால் அதிலுள்ள பாக்டீரியா பெரும்பாலும் வழிப்போக்கர்கள், நிறுத்திய சில நாளில் போய்விடும். ஏற்கெனவே குடியிருப்பவை உணவுக்கு எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதை 2014-ல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனை காட்டியது. சிலரை 5 நாள் இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டும் சாப்பிட வைத்தார்கள், அந்த உணவு குடலுக்குப் போய்ச் சேர்ந்த ஒரே நாளில் பாக்டீரியாக் கூட்டம் மாறத் தொடங்கியது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய 2 நாளில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.