தூர் சாவது வேறு, மட்குவது வேறு

மரம் வெட்ட வந்தவர்கள் கிளையை இழுத்துப் போட்டு, விறகை வண்டியில் ஏற்றி, ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வாசலிலோ, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியிலோ மிச்சம் நிற்கிற தூர்தான் வருசக்கணக்கில் தொல்லை. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எந்தப் பக்கம் கேட்டாலும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: நடுவில் ஓட்டை போட்டு மயில்துத்தம் கரைத்து ஊற்றுங்க, கல்லுப்பைக் கொட்டி மூடுங்க, பெருங்காயத்தை வைத்து அடைங்க, பழைய டயரைப் போட்டுக் கொளுத்துங்க. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றன. தூரைச் சாகடிப்பது ஒரு வேலை. செத்த தூரை மட்க வைப்பது இன்னொரு வேலை, அதற்கு வேறொரு உயிரை அந்தக் கட்டைக்குள் வளர்க்க வேண்டும். முதல் வேலைக்குச் செய்வதே இரண்டாவதைக் கெடுத்துவிடுகிற கதை ரொம்பச் சாதாரணம்.

முதலில் சாவு. மரத்தை வெட்டியதும் அது செத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் மண்ணுக்குள் இருக்கும் வேர் முழுக்க உயிரோடு இருக்கிறது, குதிரில் கொட்டி வைத்த தானியம் மாதிரி மாவுச்சத்தை அது சேர்த்து வைத்திருக்கிறது, போதாததற்குத் தூரின் பட்டைக்கு அடியில் பல வருசமாகத் தூங்குகிற மொட்டுகளும் உண்டு. மரம் நின்றபோது அந்த மொட்டுகளை முளைக்கவிடாமல் வைத்திருந்தது, கிளை நுனிகளில் உருவாகிக் கீழே இறங்கி வரும் ஆக்சின் என்ற ஹார்மோன். 1930களில் கென்னத் திமன், ஃபோல்கே ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவரைச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாவிட்டாலும் பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன. மரத்தை வெட்டும்போது இந்த ஆக்சின் வரத்து நின்றுபோகிறது, வேரிலிருந்து மேலேறும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்குகிறது, மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன.

உடுமலை, கோபி பக்கம் மல்பெரி வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருசத்துக்கு ஐந்து தடவை அடியோடு அறுத்தாலும் அந்தச் செடி பட்டுப்புழுவுக்கு இலை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலியும் வெட்ட வெட்டத் தழைப்பது இதே காரணத்தால்தான். வயலிலும் வேலியிலும் நமக்கு வேண்டியிருக்கிற குணம் வீட்டு வாசலில் வேண்டாததாகிவிடுகிறது.

வேரில் இருக்கும் அந்த மாவுச்சத்துதான் தூரைச் சாகடிக்க நமக்குக் கிடைக்கிற பிடி. தளிர் விடும்போது இலை தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்வதில்லை, வேரில் இருக்கும் இருப்பை எடுத்துத்தான் வளர்கிறது. இலை ஓரளவு விரிந்து பச்சை ஏறிய பிறகுதான் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கிறது. அதனால் தளிர் இளசாக, வெளிர் நிறத்தில் இருக்கும்போதே உடைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேருக்கு நட்டம், முற்ற விட்டு மாதம் கழித்து அரிவாளோடு வந்தால் வேர் அதற்குள் நட்டத்தை ஈடுகட்டியிருக்கும். மரத்தை வெட்டுகிற நேரத்துக்கும் இதே கணக்குதான். வேம்பு இலை உதிர்த்து, பங்குனி வாக்கில் புதுத்தளிர் விட்டு முடித்த சமயத்தில் வேரில் இருப்பு குறைவாக இருக்கும், அப்போது வெட்டினால் மறுபடி துளிர்க்கும் வேகமும் குறைவு. கூடவே தூரைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் விலக்கி, வேர் பிரிகிற இடம் வரைக்கும் பட்டையை உரித்துவிட வேண்டும். தூங்கும் மொட்டுகளில் பெரும்பாலானவை பட்டையோடு போய்விடும். சீமைக்கருவேலத்துக்கு மட்டும் இது போதாது, அதன் மொட்டுகள் தரைக்குக் கீழே இருக்கும் தண்டுப் பகுதியிலும் இருக்கின்றன, சுமார் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி அதற்குக் கீழே வெட்டினால்தான் அடங்கும்.

நடுவில் ஓட்டை போட்டு மருந்து ஊற்றுகிற பழக்கம் ஏன் வீண் என்பதும் இங்கேயே புரிந்துவிடும். பெரிய மரத்தின் நடுக்கட்டை, நாம் வைரம் என்று சொல்கிற பகுதி, மரம் நின்றபோதே செத்துப்போன திசு. உயிர் இருப்பது பட்டையை ஒட்டிய வளையத்தில். களைக்கொல்லி பூசுகிறவர்கள் வெட்டிய உடனே அந்த வளையத்தில் பூசுவது இதனால்தான். ஆனால் பக்கத்தில் அதே சாதி மரம் இருந்தால் யோசித்துச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரே இன மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டி ஒன்றாகிவிடுவது உண்டு, ஒரு தூரில் பூசியது பக்கத்து மரத்துக்கும் போகும். நியூசிலாந்தில் ஒரு இலைகூட இல்லாத கவுரி (kauri) என்ற மரத்தின் தூர் ஒன்று பக்கத்து மரங்களின் வேர்வழியாக வரும் தண்ணீரில் உயிரோடு இருப்பதை 2019இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். வெட்டிய மரம் எவ்வளவு காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

தென்னைக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. அது ஒருவித்திலைத் தாவரம், வளர்ச்சி முழுக்க உச்சியில் இருக்கும் குருத்தில்தான், குருத்து போனால் மரம் போயிற்று. துளிர்க்காது. அதற்குத் தடித்த ஆணிவேரும் இல்லை, அடியில் இருந்து விரல் பருமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் கிளம்பும், அவற்றில் பெரும்பகுதி மரத்திலிருந்து 2 மீட்டருக்குள்ளேயே இருக்கும். ஆனால் தென்னந்தூரை அப்படியே விட்டு வைப்பதில் வேறு ஆபத்து இருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் கேரள வேர் வாடல் நோயால் ஏராளமான தென்னைகளை வெட்ட வேண்டி வந்ததே, அந்த நோயை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி உயிருள்ள திசுவிலும் அதைப் பரப்பும் பூச்சியின் உடலிலும்தான் வாழும், செத்த தூரில் இருக்காது. சிக்கல் காண்டாமிருக வண்டிடம். எருக்குழியைப் போலவே மட்கிக்கொண்டிருக்கும் தென்னங்கட்டையிலும் அது முட்டையிடும், அங்கே வளர்ந்து வெளியே வருகிற வண்டு நேராகப் பக்கத்து மரத்துக் குருத்தைக் குடையும். அடித்தண்டழுகல் வந்து வெட்டிய மரமாக இருந்தால் இன்னும் கண்டிப்பாகத் தூரையும் வேரையும் தோண்டி எரிக்க வேண்டும், அந்தப் பூஞ்சை வேர்வழியாகவும் மண்வழியாகவும் பரவக்கூடியது. தோப்புக்குப் பக்கத்தில் குடியிருந்தால் தென்னந்தூரை மட்க விடாதீர்கள், தோண்டி எடுத்துவிடுங்கள்.

சரி, மற்ற மரங்களுக்கு வருவோம். தூர் செத்துவிட்டது, இனித் துளிர் இல்லை. அப்புறமும் அது ஏன் கல்லு மாதிரி நிற்கிறது?

மரக்கட்டையில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸ், மிச்சத்தில் பெரும்பங்கு ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும். முதல் இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள், பல நுண்ணுயிரிகளுக்குச் சாப்பாடு. ஆனால் அவற்றைச் சுற்றி லிக்னின் என்ற ஒழுங்கில்லாத, பிடி கிடைக்காத பொருள் இறுகிக் கிடக்கிறது. அதை முழுசாக உடைக்கத் தெரிந்தவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள்தான். ஃபானெரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சை லிக்னினை உடைக்க வெளியிடும் நொதியை 1983இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு லிக்னினிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து, அந்தக் கட்டமைப்பைத் தானாகவே குலையச் செய்கிறது. இந்த வேலைக்குக் காற்று வேண்டும், ஈரமும் வேண்டும். கட்டையில் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சையின் வேலை மந்தமாகி நின்றுவிடும், தண்ணீரில் முழுக்க மூழ்கிக் கிடந்தாலும் காற்றில்லாமல் நின்றுவிடும்.

கொங்குச் சீமையில் தூர் மட்காததற்குக் காரணம் இதுதான். நாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறோம், கோவைச் சமவெளியில் வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில். மிச்ச மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் தூரை உலர்த்தி வைத்துவிடுகின்றன. வேம்பு, வேலமரம் போன்றவற்றின் வைரத்தில் பூஞ்சைக்கு ஆகாத பொருட்களும் சேர்ந்திருப்பதால் இன்னும் தாமதம். முருங்கைத் தூர் சீக்கிரம் இற்றுப்போவதற்கும் வேப்பந்தூர் பிடிவாதமாக நிற்பதற்கும் வித்தியாசம் அங்கேதான்.

இப்போது அந்த வைத்தியங்களைப் பாருங்கள். மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட், தென்னைக்கும் திராட்சைக்கும் பூசுகிற போர்டோ கலவையில் பூஞ்சையைக் கொல்வது அதுதான், மரத்தை அழுகாமல் காக்கும் பூச்சுகளிலும் தாமிரம் சேர்க்கிறார்கள். அதைத் தூரில் ஊற்றுகிறவர் தூரைப் பதப்படுத்தி வைக்கிறார். கல்லுப்பு ஈரத்தை இழுத்து வேரைக் கொல்லலாம், ஆனால் பூஞ்சையையும் கொல்லும், அதிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுமானத்தைக் குலைத்துவிடும், ஏற்கெனவே உப்புக் கரிக்கிற தண்ணீரோடு மல்லாடும் ஊரில் இதைச் செய்யவே கூடாது. சிலர் ஊற்றுகிற மண்ணெண்ணெய் அப்படியே மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். பெருங்காயம் வைத்த தூர் மட்கிப்போனால் பலன் பெருங்காயத்தால் அல்ல, அதற்காகப் போட்ட ஓட்டையால். அதன் வழியாகத் தண்ணீரும் பூஞ்சை வித்துகளும் உள்ளே போகின்றன.

ஆக, ஓட்டை போடுங்கள், ஆனால் நிறைய, ஆழமாக, தூரின் மேல்முகம் முழுக்க. சாணிக் கரைசலை ஊற்றி, மேலே கொஞ்சம் மண்ணும் இலைச்சருகும் போட்டு, காற்று போகிற மாதிரி ஈரச் சாக்கால் மூடி, கோடை முழுக்க ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையில் நைட்ரஜன் ரொம்பக் குறைவு என்பதால் சாணி உதவும், அதற்காக யூரியாவை அள்ளிக் கொட்ட வேண்டாம், நான் மேலே சொன்ன பூஞ்சை நைட்ரஜன் தீர்ந்த பிறகுதான் லிக்னினில் கை வைக்கிறது. சிப்பிக் காளானும் வெள்ளை அழுகல் வகைதான், காளான் வளர்ப்பவர்களிடம் விதை கிடைக்கும், மழைக்காலத்தில் ஓட்டைகளில் திணித்துவிடலாம். ஆனால் தூரில் தானாக முளைக்கிற காளானைத் தின்னக் கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டிய தூருக்கு இந்த முறையே வேண்டாம், ஈரக்கட்டையைத் தேடி வரும் கறையான் அப்படியே கதவு நிலைக்கு ஏறிவிடும்.

எரிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணுக்குள் காற்றுப் போதாமல் மேலே கரியாகும், உள்ளே வேர்வழியாகக் கனன்று நாள்கணக்கில் ஊர்ந்து போய் எங்கேயாவது தலைகாட்டும். டயர்ப் புகை தனி நஞ்சு.

அவசரம் என்றால் தோண்டுவதுதான் வழி, அதற்கு மரத்தை வெட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். தரையோடு அறுக்கச் சொல்லாதீர்கள், ஐந்தடி விட்டு அறுக்கச் சொல்லுங்கள். ஒரு அடி உயரத்தில் கயிறு கட்டி இழுப்பதைவிட ஐந்தடி உயரத்தில் கட்டி இழுத்தால் அதே பலத்துக்கு ஐந்து மடங்கு திருப்புவிசை கிடைக்கும். முந்தைய நாள் சுற்றிலும் தண்ணீர் கட்டினால் செம்மண் இளகும். கடப்பாரையை எங்கே போடுவது என்றால், மேற்கிலும் கிழக்கிலும் முதலில் பாருங்கள், வருசா வருசம் ஆடிக்காற்றைத் தாங்கி நின்ற மரம் காற்று வருகிற, போகிற திசைகளில்தான் வேரைத் தடிக்க வைத்திருக்கும். அடியில் சுக்காம்பாறை என்கிற கெட்டிப் படிவம் இருந்தால் வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் ஓடியிருக்கும், தண்ணீர்க் குழாயும் செப்டிக் டேங்கும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் பொக்லைனைக் கூப்பிட வேண்டாம்.

பல்லடம், உடுமலை பக்கத்துக் கரிசல் மண்ணில் வீட்டை ஒட்டி நின்ற பெரிய மரம் என்றால் இன்னொரு விசயமும் உண்டு. அந்த மரம் இத்தனை வருசம் உறிஞ்சிக்கொண்டிருந்த தண்ணீர் இனி மண்ணிலேயே தங்கும், கரிசல் உப்பிப் பெருக்கும், அடித்தளம் தூக்கிச் சுவரில் வெடிப்பு விடலாம், ஒன்றிரண்டு மழைக்காலம் சுவரைக் கவனித்து வாருங்கள். குழியை மூடும்போது மரத்தூளையும் வேர்த்துண்டுகளையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும், உள்ளே கட்டை இருந்தால் அது மட்கும்போது தரை உள்வாங்கும், மரத்தூள் கலந்த மண்ணில் நட்ட செடிக்கு நைட்ரஜன் கிடைக்காமல் இலை மஞ்சளடிக்கும். புதுக் கன்றைக் குழிக்கு நேர் மேலே வைக்காமல் ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள்.