அவிழும் லேஸும் அவிழாத கறுப்புக் கயிறும்

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர். ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இவர் ஆறே முக்காலில் முடித்துவிடுவாராம், ஒரு தொல்லை மட்டும் இல்லாவிட்டால். மைதானத்தில் மூன்றாவது சுற்றில் இடது ஷூ லேஸ் அவிழ்ந்துவிடுகிறது. குனிந்து கட்டி எழுந்தால் பதினைந்து நொடி போய்விடுகிறது. மிச்சத்தை அவர் வார்த்தையிலேயே கேளுங்கள்:

“நல்லா இறுக்கித்தான் கட்டுதேன் அண்ணாச்சி. அம்மா, கண்ணு பட்டிருக்குன்னு சொல்லி அதே கால்ல கறுப்புக் கயிறு கட்டி விட்டிருக்காங்க. அந்தக் கயிறு மூணு மாசமா அவிழல. லேஸ் மட்டும் ஏன் அவிழுது?”

இந்தக் கடைசி இரண்டு வரிக்காகவே அவருக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். ஒரே கால், ஒரே ஓட்டம், இரண்டு முடிச்சு. ஒன்று அவிழ்கிறது, ஒன்று அவிழவில்லை. ஆய்வுக்கூடத்தில் திட்டம் போட்டுச் செய்ய வேண்டிய ஒப்பீட்டை அவருடைய அம்மா வீட்டு நடையிலேயே செய்து கொடுத்துவிட்டார்.

எனக்கும் இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் உண்டு. முருகன்குறிச்சியில் கிளம்பி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் வழியாக சுலோச்சன முதலியார் பாலம் வரை ஓடி, ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவது என் வழக்கம். ஓடுவதைவிடக் கிளம்புவதுதான் பெரிய பாடு. அலாரம், ஒற்றைக் காலுறை, சார்ஜ் இல்லாத வாட்ச் எல்லாவற்றையும் தாண்டி, லேஸைக் கட்டிக் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர், “எங்க அண்ணாச்சி, காலங்காத்தால?” என்பார். உடனே உள்ளே இருந்து ஆச்சியின் குரல் வரும்: “போகும்போது கேட்டுட்டானா? ஏல, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ.” மறுத்தால் அன்று முழுக்கப் பேச்சுக் கேட்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கும் கை, லேஸை அவிழ்த்து இன்னொரு தடவை கட்டும்.

எதிர்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்த வாரத்தில்தான் வண்ணார்பேட்டை ரவுண்டானா பக்கம் என் லேஸை நானே மிதித்து விழுந்தேன். முட்டி சிராய்ந்தது. “கேக்க ஆளில்ல, தண்ணி குடிக்காமப் போன, விழுந்த” என்று ஆச்சி கேஸை முடித்துவிட்டாள். நான் முடிக்கவில்லை.

முதலில், முடிச்சு ஏன் நிற்கிறது? உராய்வு என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆனால் சுற்றிக் கட்டிய கயிற்றின் உராய்வுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. முரண்டு பிடிக்கும் காளையின் கயிற்றைக் கையில் பிடித்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். அதே கயிற்றைப் புளியமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைப் பிடித்தால் சின்னப் பையன்கூட நிறுத்திவிடுவான். உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குப் பிடி ஆறரை மடங்காகும். இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு 285. கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் நூலை நூலின் மேலேயே ஒன்றிரண்டு வளைவு சுற்றி இழுத்தால் போதும், முடிச்சு நிற்கிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கயிறு மரத்தை ஒட்டி இறுக்கமாகத் தழுவி இருக்க வேண்டும். கொஞ்சம் தொய்ந்தாலும் அந்த மடங்கெல்லாம் ஏறின வேகத்திலேயே இறங்கிவிடும். அதோடு, மறுமுனையை ஒரு கை லேசாகவாவது பிடித்திருக்க வேண்டும். லேஸில் அந்தக் கை எது? எதுவுமே இல்லை. வால் இரண்டும் சும்மா தொங்குகின்றன. முடிச்சு தன்னைத் தானே நெருக்கிக்கொண்டிருப்பதுதான் அங்கே பிடி.

சரி, அது எப்படி அவிழ்கிறது? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ஓ’ரெய்லி என்ற பேராசிரியரும், கிறிஸ்டின் கிரெக், கிறிஸ்டோஃபர் டெய்லி-டயமண்ட் என்ற இரண்டு மாணவர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். 2017-ல் கட்டுரை வெளியானது. கிரெக் ட்ரெட்மில்லில் ஏறி ஓட, நொடிக்கு 900 படம் எடுக்கும் கேமரா அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தில் தெரிந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெகுநேரம் ஒன்றுமே நடப்பதில்லை. முடிச்சு அப்படியே இருக்கிறது. திடீரென்று ஒரு வால் கொஞ்சம் நீள்கிறது, காது கொஞ்சம் சுருங்குகிறது. (முயல் காது மாதிரி மடித்துக் கட்டுகிறோமே, அந்த வளையத்தைத்தான் காது என்கிறேன்.) அடுத்த இரண்டு மூன்று எட்டில் முழுக்கக் கழன்றுவிடுகிறது. நாம் குனிந்து பார்க்கும்போதெல்லாம் ஒன்று நன்றாக இருக்கும், இல்லையென்றால் முழுதாக அவிழ்ந்து கிடக்கும். பாதி அவிழ்ந்த லேஸை அநேகமாகப் பார்த்திருக்கவே மாட்டோம். காரணம் இதுதான்.

இரண்டு விசைகள் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. கால் தரையில் மோதும்போது முடிச்சு உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. ராக்கெட்டில் புறப்படுகிறவர்களே மூன்று நான்கு மடங்கைத்தான் தாங்குகிறார்கள். ஒவ்வொரு அடியிலும் முடிச்சு நசுங்கி விரிந்து, உள்ளே இருக்கும் நெருக்கம் ஒரு கணம் தளர்கிறது. புளியமரத்தில் சுற்றிய கயிறு ஒரு கணம் தொய்வது மாதிரி.

அடுத்தது வீச்சு. தரையில் ஊன்றியிருக்கும் கால் நகர்வதில்லை. உடலோ நிற்காமல் முன்னே போகிறது. விட்டதைப் பிடிக்க, தூக்கிய கால் உடலைவிட வேகமாகப் பாய்ந்து போய், மறுபடியும் தரையில் சட்டென்று நிற்க வேண்டும். கால் நின்றாலும் லேஸின் வாலுக்கு நிற்க மனசில்லை. நிலைமத்தால் அது முன்னே எகிறுகிறது, கால் திரும்பும்போது பின்னே எகிறுகிறது. முடிச்சின் பார்வையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை வாலைப் பிடித்து வெடுக் வெடுக்கென்று இழுக்கிறது. லேஸை அவிழ்க்க நாம் இழுக்கும் அதே வாலை, அதே திசையில்.

தனித்தனியாக இரண்டும் அப்பாவிகள். மேஜை மேல் உட்கார்ந்து காலை மட்டும் வீசிப் பார்த்தார்கள், அவிழவில்லை. ஒரே இடத்தில் நின்று தரையை மிதித்துப் பார்த்தார்கள், அப்போதும் அவிழவில்லை. மோதல் பிடியைத் தளர்த்திக் கொடுக்க, அதே சமயத்தில் வீச்சு இழுத்தால்தான் ஒரு மயிரிழை நழுவும். நம் தம்பியின் ஏழு நிமிட ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 600 முறை தரையைத் தொடும். 600 வாய்ப்பு.

ஒரு மயிரிழைதானே என்று விட முடியாது. வால் ஒரு மயிரிழை நீண்டால் அதன் எடையும் அந்த அளவு கூடும். எடை கூடினால் அடுத்த வீச்சில் இழுவை கூடும். இழுவை கூடினால் இன்னும் நழுவும். எதிர்ப்பக்கத்தில் காது சிறுத்துக்கொண்டே போவதால் அதன் எதிர் இழுவை குறையும். நம் ஊர்ப் பக்கம் குளத்துக் கரை எப்படி உடையும் என்று வயல்காரர்களைக் கேளுங்கள். ஒரு நண்டு வளை, அதில் ஒரு கசிவு. கசிகிற தண்ணீர் வளையை அரித்துப் பெரிதாக்கும், பெரிதான வளையில் இன்னும் தண்ணீர் பாயும். ராத்திரி முழுக்க வெறும் கசிவு, விடியற்காலம் பார்த்தால் கரையே இருக்காது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை குளங்கள் அப்படிப் போயின என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. லேஸ் முடிச்சுக்குள்ளும் ஒரு நண்டு வளை இருக்கிறது.

அப்படியானால் எல்லாருக்கும் அவிழ வேண்டுமே? எல்லாரும் ஒரே முடிச்சைப் போடுவதில்லை. லேஸ் கட்டும்போது இரண்டு முறை பின்னுகிறோம். முதலில் வெறும் நுனிகளை, அப்புறம் காதுகளை. முதல் பின்னலில் வலது மேலே வந்தால், இரண்டாவதில் இடது மேலே வர வேண்டும். சாரணர் வகுப்பில் இதை ரீஃப் முடிச்சு என்று சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு முறையும் ஒரே கை மேலே வந்தால் அது கிரானி முடிச்சு, அதாவது ஆச்சி முடிச்சு. இந்தப் பெயரில் எனக்கு உடன்பாடு இல்லை. முந்தியில் காசு முடிந்துவைத்து நாற்பது வருஷம் கடைகண்ணிக்குப் போய்வந்த என் ஆச்சியின் முடிச்சு ஒரு நாளும் அவிழ்ந்ததில்லை.

எது உங்கள் முடிச்சு என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். காதுகள் ஷூவுக்குக் குறுக்கே இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் ரீஃப். ஒன்று விரலைப் பார்த்து, ஒன்று குதிகாலைப் பார்த்து, நெடுக்கே திரும்பிக் கிடந்தால் கிரானி. பெர்க்லி சோதனையில் கிரானிதான் சீக்கிரம் அவிழ்ந்தது. ஏன் என்பது புரியவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அதற்கு நல்ல விளக்கம் 2020-ல் எம்.ஐ.டி.யில் இருந்து வந்தது. விஷால் பாட்டீல், யோர்ன் டுங்கல் ஆகியோரின் குழு, இழுத்தால் நிறம் மாறும் இழையால் முடிச்சுகளைப் போட்டு, உள்ளே எங்கே எவ்வளவு அழுத்தம் என்று கண்ணாலேயே பார்த்தது. முடிச்சுக்குள் இழைகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு இடத்திலும், உரசலால் ஒரு முறுக்கு உண்டாகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது இரண்டு கையும் எதிரெதிராகத் திருகினால்தான் துணி இறுகும். இரண்டு கையும் ஒரே பக்கம் திருகினால் துணி சும்மா உருளும். ரீஃப் முடிச்சில் பக்கத்துப் பக்கத்து முறுக்குகள் எதிரெதிராக வந்து பூட்டிக்கொள்கின்றன. கிரானியில் ஒரே பக்கமாக வரும் இடங்கள் அதிகம், அதனால் உருண்டு கொடுக்கிறது.

லேஸ் அவிழ்வதையெல்லாமா ஆராய்ச்சி செய்வார்கள் என்று இதைக் கேட்டவர்கள் என்னிடம் சிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒருவர் இந்தத் தலைப்பில் நிதி கேட்டு விண்ணப்பம் போட்டால் குழுவில் இருப்பவர்களும் சிரித்துத் திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2020–21 கணக்குப்படி இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. அந்தச் சொற்பத்திலும் ‘பயன் என்ன?’ என்ற கட்டத்தை முதலில் நிரப்பச் சொல்கிறோம். அறுவை சிகிச்சையில் போடும் தையல் முடிச்சும், செல்லுக்குள் சிக்கிக்கொள்ளும் டி.என்.ஏ.வும் இதே இயற்பியலுக்குள்தான் வருகின்றன. ஆனால் அதைக் காரணமாகக் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும் என்பதே எனக்கு உறுத்துகிறது. நான் தினமும் ஓடிப் போய்த் திரும்பும் பாலத்தை 1843-ல் சுலோச்சன முதலியார் தன் கைக்காசில் கட்டிக் கொடுத்தார். கேள்விகளுக்கும் அப்படி யாராவது கிடைத்தால் தேவலை.

என் கதைக்கு வருகிறேன். குனிந்து பார்த்தேன். காதுகள் நெடுக்கே கிடந்தன. முப்பது வருஷமாகக் கிரானி போட்டிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்த நாட்களில் கிளம்பும் நிமிடத்தில் புதிதாக இறுக்கிய முடிச்சு பாலம் வரை தாக்குப் பிடித்தது. மற்ற நாட்களில் வீட்டுக்குள்ளேயே காலுறைக்கும் வாட்சுக்கும் அலைந்து பாதி உயிரை விட்ட முடிச்சோடு ஓடியிருக்கிறேன். ஆச்சியின் ஒரு வாய் தண்ணீருக்கு இனிமேலும் மறுப்புச் சொல்ல மாட்டேன். மாற்றியது முதல் பின்னலை மட்டும்தான்: வலதுக்குப் பதில் இடதை மேலே போடுகிறேன். கை பழக ஒரு வாரம் ஆனது. மூளை ஒத்துக்கொண்டாலும் விரல் ஒத்துக்கொள்ளாது.

தம்பியிடம் இரண்டு விஷயம் பார்க்கச் சொன்னேன்: காது எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, வால் எவ்வளவு நீளம். மறுநாளே பதில் வந்தது. இரண்டு ஷூவிலும் காது நெடுக்கேதான். வலது ஷூவில் வால் நாலு விரற்கடை. இடதில் மேல் ஓட்டை பிய்ந்துபோனதால் அதை விட்டுவிட்டுக் கட்டுகிறாராம். மிச்ச நீளமெல்லாம் வாலுக்கு வந்து, ஏறக்குறைய ஒரு சாண். தரையைத் தொடுகிற அளவு. லேஸும் உருண்டையான நைலான், வழுக்கும். தட்டையான பருத்தி லேஸாக, கொஞ்சம் குட்டையாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

கறுப்புக் கயிறு? அதுவும் அதே 600 அடியைத்தான் வாங்குகிறது. ஆனால் அதற்குக் காது கிடையாது. முடிச்சு போட்டதும், மிஞ்சிய நுனியை அம்மா பிளேடால் ஒட்ட நறுக்கிவிட்டாராம்.