ஒரு யூரியா மூட்டையும் கடலடி மூச்சும்

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது ஏறக்குறைய 21 கிலோ. அதில் ஒரே ஒரு கிலோ வயலிலிருந்து தப்பிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நுண்பாசிக்கு உணவானதாக வைத்துக்கொள்வோம். நுண்பாசியின் உடல் சராசரியாக 106 கரி அணு, 16 நைட்ரஜன் அணு, 1 பாஸ்பரஸ் அணு என்ற கணக்கில் அமைகிறது. அது முழுதாக மட்க 138 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். எடையில் சொன்னால், ஒரு கிலோ நைட்ரஜனில் வளர்ந்த பாசி மட்க ஏறத்தாழ 20 கிலோ ஆக்சிஜன் செலவாகும். வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீனும் இறாலும் அங்கே தங்காது. இடையில் இருப்பது 4 மில்லிகிராம். ஆக, அந்த ஒரு கிலோவே 50 லட்சம் லிட்டர் நீரை மூச்சுமுட்ட வைக்கப் போதும்.

இது காகிதக் கணக்கு. கடலில் இது பலிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு: பாசி அடியில் போய் விழ வேண்டும், அடிநீருக்குக் காற்றோடு தொடர்பு அறுந்திருக்க வேண்டும். மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில் இரண்டும் ஒவ்வொரு கோடையிலும் கூடிவருகின்றன.

அங்கே கலக்கும் மிசிசிப்பி, அமெரிக்கப் பெருநிலத்தில் 41 சதவீதத்தின் நீரைச் சுமந்து வருகிறது. அயோவா, இல்லினாய் மாநிலங்களின் மக்காச்சோள வயல்களுக்கு அடியில், ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில், வடிகுழாய்கள் பதித்திருக்கிறார்கள். களிமண் துகளுக்கு எதிர்மின்சுமை, உர நைட்ரஜன் மண்ணில் மாறும் வடிவமான நைட்ரேட்டுக்கும் அதே. எனவே மண் அதைப் பிடித்து வைக்காது. மழைநீரோடு குழாய்க்குள் இறங்கிவிடும். பாஸ்பேட் அப்படியில்லை, பெரும்பாலும் மண்ணைப் பற்றிக்கொண்டு, மண் அரிக்கும்போது கூடவே போகும். பயிர் வேர் பிடிக்காத வசந்தகால மழையில்தான் நைட்ரேட் இழப்பு அதிகம். அதனால்தான் மே மாத ஆற்றுநீரில் வந்த நைட்ரேட்டை வைத்தே கோடைப் பாதிப்பின் அளவைக் கணிக்கிறார்கள்.

உப்பில்லாத ஆற்றுநீர் லேசானது. கோடை வெயிலில் சூடேறி இன்னும் லேசாகி, கனத்த உப்புநீரின்மேல் மூடிபோட்டாற்போல் படுத்துவிடும். மேலே பாசி செழிக்கிறது. கோப்பிபாடு போன்ற மிகச்சிறு மிதவை விலங்குகள் அதைத் தின்று கழிக்கும் எச்சத் துகள்கள் வேகமாக அடியில் இறங்குகின்றன. தின்னப்படாத பாசி செத்து மெல்ல இறங்குகிறது. பாக்டீரியா அவற்றை மட்கவைக்க, அடிநீரின் ஆக்சிஜன் தீர்கிறது. நீந்தத் தெரிந்தவை ஓடிவிடும். புழுவும் சிப்பியும் எங்கே போகும்?

பாசி நஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கிய நொக்டிலூகா என்ற கடல் நுண்ணுயிரி நச்சுப்பாசி வகையைச் சேர்ந்ததல்ல. ஆனாலும் மீன்கள் செத்துக் கரையொதுங்கின.

அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. மேற்பரப்பில் வாளி விட்டு மொண்டால், பகல் வெளிச்சத்தில் பாசி வெளிவிட்ட ஆக்சிஜன் நிறைந்து, நீர் நலமாகவே தெரியும். அளவி தரையை ஒட்டி இறங்க வேண்டும். ஆழமில்லாத கழிமுகங்களில் விடியுமுன் அளக்க வேண்டும். இரவு முழுக்கப் பாசியும் ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்திருக்கும். வடகரையில் ஆண்டுதோறும் கோடையில் கப்பல் ஓட்டி இப்படி அளக்கிறார்கள். ஆக்சிஜன் குன்றிய பரப்பாக 2017இல் பதிவானது 22,720 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். 2020இல் அது ஏறத்தாழ 5,480தான். உரம் குறைந்ததால் அல்ல. அளவெடுப்புக்குச் சற்று முன் ஹன்னா சூறாவளி மூடியைக் கலக்கிவிட்டிருந்தது. ஓராண்டு எண்ணை வைத்து யாரும் மார்தட்ட முடியாது.

உரத்தைக் குறைத்தாலும் பலன் உடனே வராது. அடிமண்ணில் இரும்போடு பிணைந்திருக்கும் பாஸ்பேட், ஆக்சிஜன் தீர்ந்ததும் அவிழ்ந்து நீருக்கு வந்துவிடும். பழைய கடன் வட்டியோடு திரும்புகிற மாதிரி. எனவே வயலோரத்திலேயே தடுப்பது மலிவு. வடிகுழாயின் வாயில் பள்ளம் வெட்டி மரச்சில்லு நிரப்புகிறார்கள். காற்றில்லாத அந்தச் சில்லுக் குவியலில் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி விட்டுவிடும். பெருமழையில் நீர் விரைந்து ஓடினால் மட்டும் அதற்கு நேரம் போதாது. நம்மூர் வேப்பெண்ணெய் பூசிய யூரியா வேறு வழி: மண்ணில் அமோனியமானது நைட்ரேட்டாக மாறுவதையே தாமதப்படுத்துகிறது.

இவ்வளவு பெரிய பாதிப்பு சுருங்கியதற்குக் கருங்கடல் எடுத்துக்காட்டு. அதன் வடமேற்குக் கரையில் 1990 வாக்கில் ஏறத்தாழ 40,000 சதுர கிலோமீட்டர் வரை பரவிய மூச்சுமுட்டல், பின்னர் வெகுவாகக் குறைந்தது. அதற்கு முதன்மைக் காரணம் திட்டமிட்ட கொள்கை அல்ல. சோவியத் ஒன்றியம் சரிந்ததில் தன்யூப் கரைப் பண்ணைகளுக்கு உரம் வாங்கப் பணமில்லாமல் போயிற்று.