பைப் வாங்கும்போது துளையைப் பாருங்கள்

புகையிலை போட்டுப் புகைக்கும் குழலுக்கு அகராதியில் சுங்கான், கடையில் பைப் என்று பெயர். இதன் விலை ஏறுவது பெரும்பாலும் மரத்தின் வரியழகுக்கும் மெருகுக்கும்தான். புகை சீராக வருமா, வாயில் கசப்புத் தண்ணீர் ஏறுமா என்பதெல்லாம் உள்ளே போட்ட துளையைப் பொறுத்தது. துளை சரியாக இருந்தால் அழகில்லாத மலிவு பைப்பும் நன்றாகவே எரியும்.

நல்ல பைப்புக்குரிய மரம் பிரையர். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் அடியில், தண்டுக்கும் வேருக்கும் நடுவே மண்ணுக்குள் திரளும் முண்டு அது. பிரான்சின் சேன்-க்ளோட் ஊர்க்காரர்கள் 1850களிலிருந்து இதைக் குடைந்து வருகிறார்கள். அறுத்த துண்டுகளைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்த வேண்டும். இதில் அவசரப்பட்டால் சாறு உள்ளேயே தங்கிப் புது பைப் கசக்கும்.

மண்ணுக்குள் வளர்வதால் முண்டில் சிறு குழிகள் இருக்கும். வெளிப்பக்கத்தில் பசை வைத்து அடைத்த புள்ளி ஒன்றிரண்டு தெரிந்தால் பரவாயில்லை, பேரம் பேச உதவும். புகையிலை போடும் கிண்ணத்துக்குள் குழி இருந்தால் வேண்டாம். அந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கும், தணல் அங்கேதான் தீய்த்து ஓட்டை போடும். சொரசொரப்பாகச் செதுக்கியவை மலிவு. வெளிக்குழிகள் செதுக்கலோடு போயிருக்கும். கண்ணாடிபோல மின்னும் கெட்டியான வார்னிஷ் சூட்டில் கொப்புளிக்கும்.

இனி துளை. பஞ்சு சுற்றிய பைப் கிளீனர் கம்பியை வாய்ப்பக்கம் நுழைத்துத் தள்ளுங்கள். வாயில் வைக்கும் வாய்த்தண்டைக் கழற்றாமலே அது கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்தால் கம்பியின் முனை கிண்ணத்தின் அடித்தளத்தில், நடுவில் தெரிய வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே தெரிந்தால் அதற்குக் கீழே இருக்கும் புகையிலைக்குக் காற்றோட்டம் கிடைக்காது; ஈரச் சக்கையாகத் தங்கிவிடும். வெறும் பைப்பை இழுத்தால் விசில் சத்தம் வரக்கூடாது. வந்தால் எங்கோ துளை குறுகலாக இருக்கிறது. கிண்ணத்துக்கு அருகே சுமார் 4 மி.மீ. அகலம் போதும். கிண்ணத்தின் வாய் 19, 20 மி.மீ., சுவர் 6 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் கை சுடாது.

களகளவென்று தண்ணீர் கொதிக்கிற சத்தம் புதியவர்களின் தீராத புகார். வாய்த்தண்டின் முனை மரத்துக்குள் அடிவரை சென்று முட்டாமல் இடைவெளி இருந்தால், புகை அங்கே விரிந்து, வேகம் குறைந்து, குளிர்ந்து, ஈரத்தைக் கொட்டிவிடும். 9 மி.மீ. ஃபில்டருக்கான பைப்பை ஃபில்டர் இல்லாமல் பிடித்தாலும் இதே தொல்லைதான். ஃபில்டர் இடத்தை அடைப்பதற்கென்றே அடாப்டர் விற்கிறார்கள். ஃபில்டர் ஈரத்தைப் பிடிக்குமே தவிர வாய்ப்புற்று, தொண்டைப்புற்று அபாயத்தைப் போக்காது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவர்களுக்கும் அந்த அபாயம் உண்டு.

எபோனைட் வாய்த்தண்டு பல்லுக்கு இதம். ஆனால் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் என்பதால் வெயில் பட்டால் பச்சை கலந்த பழுப்பாகும். அக்ரிலிக் நிறம் மாறாது. கடித்தால் கல்லைக் கடித்த மாதிரி இருக்கும்.

பிரையருக்கே காசு போதவில்லையென்றால் மக்காச்சோளக் கட்டைப் பைப் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிற்றூரில் 1869 முதல் செய்கிறார்கள். முத்து உதிர்த்த கட்டையின் பள்ளங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி வழவழப்பாக்கும் முறைக்கு ஹென்றி டிபே 1878இல் காப்புரிமை பெற்றார். ஈரத்தை உறிஞ்சும், முதல் நாளே கசக்காது. சில வகைகளில் மரத்தண்டின் நுனி கிண்ணத்துக்குள் துருத்தி நிற்கும். முதல் சில முறை அடிவரை எரித்தால் மரம் கருகும் வாடை வரும்.

பழைய பிரையர் பைப் வாங்குவதாக இருந்தால் வாய்த்தண்டு செருகும் விளிம்பை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். சூடு ஆறுவதற்குள் திருகிக் கழற்றியவர்களின் பைப்பில் மயிரிழை போன்ற விரிசல் அங்கேதான் ஓடும்.